மலை இல்லேன்னா என்ன... கரை இருக்குல்ல!

மவுண்டன் பைக்கிங் என்றதும் கண்ணுக்குள் என்ன ஓடுது? பனிமலை, பளபள ஹெல்மெட், முழங்காலுக்குக் கவசம், பைக் விலையில் ஒரு சைக்கிள், பாறைக்குப் பாறை தாவும் ஒரு வெள்ளைக்காரர். சரிதானே? இதே வார்த்தையை மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் நின்று சொல்லிப் பாருங்கள். ‘இங்க எங்கப்பா மலை இருக்கு?’ என்று டீக்கடை பெஞ்சே சிரிக்கும்.

சிரிப்பில் நியாயம் இருக்கு. விருதுநகரில் இருந்து காரியாபட்டி போகிற வழியில் இருக்கும் இந்தப் பேரூரில் நின்று நாலு திசையும் சுத்திப் பார்த்தால் கரிசல் காடு, பனை, சீமைக்கருவேலம், அதுக்கு மேல வானம். தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. மலை ஏறணும்னா மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போகணும்.

ஆனா மேட்டர் என்னன்னா பாஸ், மவுண்டன் பைக்குக்கு முதல் தேவை மலை இல்லை. தார் போடாத பாதை. அது மல்லாங்கிணறைச் சுத்தி எக்கச்சக்கம். கண்மாய்க் கரை, மாட்டு வண்டித் தடம், ஓடைக்கரை ஒத்தையடிப் பாதை, காரியாபட்டி தாண்டிப் போனால் குண்டாற்று மணல். ஆடு மேய்க்கிறவரும் களையெடுக்கப் போகிற அக்காக்களும் தினமும் நடக்கிற வழிகள்தான் எல்லாம். யாரும் இதுக்கு ‘டிரெயில்’னு பேர் வைக்கலை, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு பிறந்த கதையே கொஞ்சம் நம்ம ஊர் வாடை அடிக்கிற கதை.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டி. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊர். 1970-களில் அந்தப் பக்கத்துப் பசங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? காயலான் கடை ரேஞ்சில் கிடந்த 1930, 40-களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடிச்சாங்க. குண்டு டயர், கனமான இரும்பு பாடி, கியரே கிடையாது. பிரேக் பிடிக்கணும்னா பெடலைப் பின்பக்கமா மிதிக்கணும். அதை எடுத்துக்கிட்டு மலை மேல போய், தீயணைப்பு வண்டிக்காகப் போட்டிருந்த மண் ரோட்டில் தடதடன்னு இறங்குவாங்க. 1976 அக்டோபர் 21-ம் தேதி முதல் முறையா அதை ஒரு ரேஸா நடத்தினாங்க. சுமார் மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் உயரம் இறங்குகிற பாதை. கீழே வந்து சேர்றதுக்குள் பின் சக்கரத்து பிரேக் சூடேறி, ஹப்பில் இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையாப் போயிடும். திரும்ப ஓட்டணும்னா கழட்டி, புதுசா கிரீஸ் அடைக்கணும். ‘திரும்ப அடைக்கிறது’ என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையே அந்தப் பாதைக்குப் பேர் ஆச்சு... ‘ரீபேக்’!

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் 1977-ல் இதுக்குன்னே தனியா ஒரு ஃபிரேம் செஞ்சார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-ல் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்ற பேரிலேயே கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1996 அட்லான்டா ஒலிம்பிக்ஸில் அது பதக்க விளையாட்டு. இருபதே வருஷம்!

நம்ம விஷயத்துக்கு வருவோம். கியர் இல்லாத, எடை கூடின, பழைய சைக்கிளில்தான் இது ஆரம்பிச்சது. உங்க வீட்டுத் திண்ணையில் சாத்தி வெச்சிருக்கிற, பிளஸ் ஒன்னில் ஸ்கூலில் கொடுத்த சைக்கிள் அதைவிட மோசம் இல்லை. (அது இப்ப சித்தப்பாவோட பால் கேனைத் தூக்கிட்டுத் திரியுதுன்னா, முதல்ல அவர்கிட்ட பேச்சுவார்த்தை நடத்துங்க.)

சரி, மலையே இல்லாத இடத்தில் யாராவது இதை உருப்படியா செஞ்சிருக்காங்களா? சிங்கப்பூரைப் பாருங்க. அந்த நாட்டின் உச்சியான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். குன்றின் மேல் இருக்கிற இயற்கைக் காப்பகத்துக்குள் சைக்கிளை விடாமல், அதன் ஓரத்தைச் சுற்றி மவுண்டன் பைக் பாதை போட்டிருக்காங்க. அது பத்தாதுன்னு 2008-ல் புலாவ் உபின் தீவில், கல்லு உடைச்சு முடிச்சுக் கைவிட்ட கேட்டாம் குவாரியைச் சுற்றி இன்னொரு பார்க் திறந்தாங்க. எந்தப் பாதை சுலபம், எது கஷ்டம்னு கலர் அடையாளம் போட்டு வைக்கிற முறையோட.

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் இன்னும் ஒரு படி மேல. 2024-ல் மவுண்டன் பைக் போட்டி நடந்த எலான்கூர் குன்று கடவுள் படைச்சது இல்லை. பழைய மணற்கல் குவாரியில் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடு. உயரம் 231 மீட்டர். பாரிஸைச் சுற்றி இருக்கிற அந்தப் பிரதேசத்துக்கே அதுதான் உச்சி.

மனுஷன் மண்ணைக் கொட்டி உண்டாக்கின மேடுன்னா நமக்கு ஒண்ணும் புதுசு இல்லையே. நம்ம தாத்தாக்கள் ஊருக்கு ஊர் கொட்டி வெச்சிருக்காங்க. அதுக்குப் பேர் கண்மாய்க் கரை.

‘அதெல்லாம் சரி, மேற்கே நிஜ மலை இருக்கே, அங்கே போயிட்டா?’ என்று கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் பக்கத்து காலேஜ் மக்கள் கேட்பது காதில் விழுது. அங்கேதான் பிரச்னை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988-ல் இருந்து சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிச்சுட்டாங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். ‘சைக்கிள்தானே, சத்தமே வராதே’ன்னு வாதம் பண்ணாதீங்க. சத்தம் வராததுதான் அங்கே ஆபத்து. வளைவில் யானையும் நீங்களும் ஒரே நேரத்தில் திரும்பினா, முன்கூட்டியே தெரியாத யானைக்குக் கோபம் ஜாஸ்தி வரும்.

இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்துப் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆசைப்பட்டவங்க மலைக்குள் புகுந்து ஓட்டின கதை இல்லை அது. இடம் பார்த்து, அனுமதி வாங்கி, ரேஸுக்குன்னே தனியா தடம் வெட்டி நடத்தினாங்க. அந்த மாதிரி ஒரு தடம் விருதுநகர் மாவட்டத்து அடிவாரத்தில் வந்தால் சந்தோஷம். வரும் வரை அந்த மலையைத் தூரத்தில் இருந்து ரசிப்போம்.

கரையேறிப் பார்த்தால்...

கண்மாய்க் கரையில் சைக்கிள் ஓட்டினவங்களுக்குத் தெரியும், அது ஒரு தனி உலகம். ஒரு பக்கம் தண்ணி, இல்லேன்னா வெடிச்சுக் கிடக்கிற உள்வாய். இன்னொரு பக்கம் பத்துப் பதினைஞ்சு அடி பள்ளத்தில் வயல். நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண் பாதை. நேரா இருக்கிற மாதிரித் தெரியும், ஓட்டிப் பார்த்தால் நேராவே இருக்காது. தண்ணி எங்கே முட்டுமோ அங்கே வளைஞ்சு கொடுத்துக் கட்டியிருப்பாங்க. மடை இருக்கிற இடத்தில் மேடு. ஆடு மாடு இறங்கி ஏறுகிற இடத்தில் பள்ளம். பனைமர வேர் குறுக்கே ஓடி டக்டக்னு தூக்கிப் போடும். அந்தக் கால பனை வரிசைக்கு நடுவில் ஸ்லாலம் அடிச்சுப் பாருங்க, எந்தத் தீம் பார்க்கும் வேண்டாம்.

ஒரு கண்மாய்க் கரை முடிகிற இடத்தில் ஓடைக்கரை பிடிக்கும், அது அடுத்த கண்மாயில் கொண்டு போய் விடும். மேல் கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சா அந்தத் தண்ணி கீழ்க் கண்மாய்க்குப் போகிற மாதிரித்தான் கோத்து வெச்சிருக்காங்க. தண்ணி போகிற வழியிலேயே சைக்கிளும் போகலாம். ரூட் மேப் போட இதைவிட வேறென்ன வேணும்? வடகிழக்கே காரியாபட்டியைத் தாண்டினால் குண்டாறு. புல்லூர் சேது இன்ஸ்டிடியூட் ஹாஸ்டல்வாசிகளுக்கு இது கூப்பிடு தூரம். ஆற்றோரமாவே கீழே போனால் ரமண மகரிஷி 1879-ல் பிறந்த திருச்சுழி. வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆற்றில் மணல்தான் ஓடும். அதில் ஓட்டுறது சேற்றில் நடக்கிறதைவிடக் கஷ்டம், தொடை கழண்டுடும். தெற்கே போனால் கௌசிகா நதிக்குக் குறுக்கே குல்லூர்சந்தை அணை. ஆனா விருதுநகரின் சாக்கடையும் அந்த ஆற்றோடு சேர்ந்துதான் வருது. காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டுப் போங்க.

இந்த மாதிரிக் கரைகளில் ஓட்டும்போது ஒரு விஷயம் மண்டையில் ஏறணும். அது விளையாட்டுத் திடல் இல்லை. ஒரு ஊரோட தண்ணியைப் பிடிச்சு நிறுத்தியிருக்கிற சுவர்.

கரிசல் மண்ணோட குணம் தெரியும்தானே? நனைஞ்சா ஊதும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். கோடையில் வெடிப்புக்குள் மெல்லிய டயர் சைக்கிளின் சக்கரமே இறங்கிடும். மழையில் செருப்பு மண்ணோட போயிடும், கால் மட்டும்தான் திரும்பி வரும். அந்த ஈரத்தில் சைக்கிள் ஓட்டினா டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மண் அப்பி, சக்கரம் சுத்தாமல் நின்னுடும். அது உங்க கஷ்டம், பரவாயில்லை. கரைக்கு நடக்கிறதுதான் பெரிய கஷ்டம். ஈரக் கரையில் டயர் பதிச்ச தடம் ஒரு குட்டி வாய்க்கால். அடுத்த மழை அதில் ஓடும். ஓடி, எங்கே சரிவு கிடைக்குதோ அங்கே கரையின் முதுகை அறுத்துக்கிட்டு இறங்கும். முதல் மழைக்கு விரல் அகலம், நாலாவது மழைக்கு முழம். கார்த்திகையில் கண்மாய் நிறைஞ்சு நிற்கும்போது அந்த இடம்தான் முதல்ல நெகிழும். கீழே வயல் வெச்சிருக்கிறவருக்கு அந்த வருஷம் அவ்வளவுதான்.

டிராக்டரும் டூவீலரும் ஜே.சி.பி.யும் செய்கிற சேதத்துக்கு முன்னால் சைக்கிள் எல்லாம் கொசு என்று சொல்லலாம். நிஜம்தான். ஆனா வம்பு வந்தா முதல்ல மாட்டுறது, பார்க்கப் புதுசா ஹெல்மெட் போட்டுக்கிட்டுத் திரியுற ஆள்தான்.

மரினில் அதுதான் நடந்தது. மவுண்டன் பைக் பிறந்த மலைகளிலேயே 1980-களில் ஒத்தையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை போட ஆரம்பிச்சாங்க. நடந்து போகிறவங்களும் குதிரையில் போகிறவங்களும் கொடுத்த புகார்... வேகம், மண் அரிப்பு, வளைவில் திடீர்னு வந்து மோதுறாங்க. தடை பரவப் பரவ, 1988-ல் கலிஃபோர்னியாவின் சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கினாங்க. பாதையை எப்படி வெட்டினா மண் அரிக்காது, யாருக்கு யார் வழி விடணும், ஈரத்தில் ஏன் ஓட்டக்கூடாதுன்னு உட்கார்ந்து எழுதினாங்க. புகார் வந்த பிறகு அவங்க செஞ்ச வேலையை, வருவதற்கு முன்னாடியே நாம செஞ்சுடலாமே.

எப்படின்னா ரொம்ப சிம்பிள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் கரைப் பக்கமே போகாதீங்க. தை பிறந்து, மண் இறுகி, மாசி பங்குனி வரைக்கும்தான் நம்ம சீசன். சித்திரை வைகாசியில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிடணும், இல்லேன்னா அடுப்புக்குள் சைக்கிள் ஓட்டின மாதிரி இருக்கும். ஆனி ஆடியில் மேற்கே இருந்து வீசுற காத்து கரை மேல உங்களை நிற்க விடாது. போகும்போது காத்தை எதிர்த்துப் போயிட்டு, திரும்பும்போது முதுகில் வாங்கிக்கோங்க. மாத்திப் பண்ணவங்க யாரும் ரெண்டாவது தடவை பண்ண மாட்டாங்க.

அடுத்தது, ஆள் பார்த்துப் பேசுறது. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறை கையில், அதுக்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். பேப்பரில் அப்படி. நிஜத்தில் ஒவ்வொரு கண்மாய்க்கும் மடை திறந்து, தண்ணி பாய்ச்சி, கரையைச் சுத்தி வர்ற ஒரு பெரியவர் இருப்பார். அவர்கிட்ட இறங்கி நின்னு ‘அய்யா, இந்தக் கரையில சைக்கிள் ஓட்டலாங்களா?’ன்னு கேளுங்க. எந்த இடம் இளகல், எங்கே பாம்புப் புத்து, எந்தத் தோட்டத்து நாய் கடிக்கும்... கூகுள் மேப்பில் இல்லாத எல்லாம் அவர்கிட்ட இருக்கு. நீங்களும் பதிலுக்கு ஒண்ணு தரலாம். வாரா வாரம் கரை முழுக்கச் சுத்துறவங்க கண்ணில்தான் புதுசா விழுந்த எலி வளையும் நண்டு வளையும் முதல்ல படும். கரை உடையறதெல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி ஒரு சின்ன ஓட்டையில்தான் ஆரம்பிக்குது. போன் பண்ணிச் சொல்லிட்டுப் போங்க. அவருக்கு ஒரு நடை மிச்சம்.

ஆள் நடமாட்டம் நின்னுபோன கரைக்கு என்ன ஆகும்? சீமைக்கருவேலம் வந்து உட்கார்ந்துக்கும். வண்டிமாடு குறைஞ்சு, எல்லாரும் தார் ரோட்டில் டூவீலரில் போக ஆரம்பிச்ச பிறகு, எத்தனையோ வண்டிப்பாதைகள் இப்படித்தான் முள்ளுக்குள்ள மறைஞ்சுபோச்சு. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டப்ப, தென் மாவட்டங்களில் அரிவாளும் கையுமா மாணவர்களே இறங்கினாங்க, ஞாபகம் இருக்கா? வெட்டினது வேகமாத் திரும்ப முளைச்சுது. வேரோட எடுக்காட்டி, அது போகவே போகாது. ஆனா ஒரு பாதையில் வாரத்துக்கு நாலு தடவை ஆளோ சக்கரமோ போனா, நடுவில் புதுக் கன்று தலை தூக்காது. பாதைக்கு ஆயுசே அதுதான்.

முள்ளு மகாத்மியம்

கருவேலம்னு சொன்னதும் பஞ்சர் ஞாபகம் வரணும். வரலேன்னா நீங்க விருதுநகர் மாவட்டம் இல்லை.

கீழே நெருஞ்சி, மேலே கருவேலம். நெருஞ்சி முள் எப்படி விழுந்தாலும் ஒரு கொம்பு வானத்தைப் பார்த்துத்தான் நிற்கும், டயருக்குன்னே டிசைன் பண்ணின மாதிரி. காய்ஞ்ச கருவேல முள்ளோ செருப்பைத் துளைச்சுக் காலில் ஏறும், டயர் எம்மாத்திரம். அதனால ஸ்பேர் டியூப், பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன், சின்ன பம்ப்... மூணும் இல்லாமல் கரையேறாதீங்க. தண்ணித் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்க்கிற வித்தை பஞ்சர் கடையில் நின்னு வேடிக்கை பார்த்தவங்களுக்கு வந்துடும். ஆனா எல்லாரும் மறக்கிறது ஒண்ணு. ஒட்டி முடிச்சு மாட்டுறதுக்கு முன்னாடி, டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் முழுக்கத் தடவிப் பாருங்க. துளைச்ச முள்ளின் நுனி அங்கேயே ஒடிஞ்சு உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கலேன்னா அடுத்த அரை கிலோமீட்டரில் மறுபடியும் புஸ்ஸ்...

காசு இருக்கிறவங்க டியூப்லெஸ் போடலாம். டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவம் சுத்திக்கிட்டே இருக்கும், முள் குத்தினதும் ஓட்டைக்குள் ஓடிப்போய் உறைஞ்சு அடைச்சுக்கும். காசு இல்லேன்னா கவலை வேண்டாம், அகல டயர் ஒரு ஜோடி போதும். காத்தை மட்டும் கல்லு மாதிரி ஏத்தாதீங்க. டயர் கொஞ்சம் அமுங்கினால்தான் தளர்ந்த மண்ணில் பிடி கிடைக்கும்.

பஞ்சர்ல மனசு உடைஞ்சு போறவங்களுக்காக ஒரு தகவல். பாரிஸ் எலான்கூர் குன்றில் 2024 ஜூலை 29 அன்று பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு ரேஸ் நடுவில் முன் சக்கரம் பஞ்சர். சக்கரம் மாத்தி வர்றதுக்குள் அரை நிமிஷத்துக்கு மேல் பின்தங்கிட்டார். துரத்தித் துரத்திப் பிடிச்சு, கடைசிச் சுற்றில் பிரெஞ்சுக்காரர் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தித் தங்கம் வாங்கினார்.

போகக்கூடாத இடம் ரெண்டு இருக்கு, அதையும் சொல்லிடறேன். நம்ம மாவட்டத்தில் காட்டுப் பாதை எதுவும் எங்கேயோ போய் பட்டாசு ஆலை வேலியில் முட்டலாம். தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ஷெட், சுத்தி வேலி தெரிஞ்சா, அந்த இடைவெளியே ஒரு ஷெட் வெடிச்சா அடுத்தது தப்பணும் என்பதற்காகத்தான். வேலியை ஒட்டி நின்னு செல்ஃபி எடுக்கிறது, சிகரெட் பத்த வைக்கிறது எல்லாம் உள்ளே வேலை செய்றவங்க உயிரோட விளையாடறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பசங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வெளியூர் ஃபிரெண்டைக் கூட்டிட்டு வந்தா அவருக்குச் சொல்லுங்க.

இன்னொண்ணு, கல் குவாரி. சிங்கப்பூர்க்காரன் செஞ்சது கைவிட்ட குவாரியில், அளந்து, தடுப்பு வெச்சு. இங்கே எது ஓடுது, எது நின்னுபோச்சுன்னு வெளியில் இருந்து தெரியாது. 2024 மே 1-ம் தேதி காரியாபட்டி அருகே ஆவியூர்ப் பக்கம் குவாரி வெடிமருந்து வெடிச்சு மூணு பேர் இறந்துபோனாங்க. அந்தப் பள்ளங்களின் ஓரத்தில் சைக்கிள் சாகசம் வேண்டவே வேண்டாம்.

மத்தபடி முதல் தடவைக்குப் பெரிய பிளான் எதுவும் வேண்டாம். ரெண்டு பேராப் போங்க. ஹெல்மெட், ரெண்டு லிட்டர் தண்ணி, பஞ்சர் கிட். பொண்ணுங்க தனி கேங் சேர்ந்தால் இன்னும் ஜோர். 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டு ஊர் ஊராச் சுத்தினதைப் பார்த்து வாயடைச்சுப்போன ஊர்கள் நம்ம தமிழ்நாட்டில்தான் இருக்கு. ஒரே கண்மாயை ஒரு சுத்து, போதும். எதிரில் ஆட்டுக்கிடை வந்தா பெல் அடிக்காதீங்க, மிரண்டு தண்ணிப்பக்கம் சரியும். ஓரமா இறங்கி நின்னா அதுவே விலகிப் போயிடும். கலிங்கு வந்தா, எவ்வளவு காய்ஞ்சு தெரிஞ்சாலும், இறங்கித் தள்ளிக்கிட்டே தாண்டுங்க. அந்தக் கல்லு மேல பாசி இருக்கும்.